கூட்டுத்தொகை நூறு

நால்வருக்கும் சேர்த்து நூறு மதிப்பெண்.
பிரித்துப் போடு என்கிறது படிவம்.
ஒன்று கூடினாலும் குறைந்தாலும்
சிவந்துகொண்டு அனுப்ப மறுக்கிறது.
பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குக் கெடு.

முதல் வாரம் சுலபமாகத்தான் இருந்தது.
புக்கிட் பாத்தோக் நூலகத்தில்
ஒரு தாளை மடித்து, மறுபடி மடித்து
நான்கு கட்டமாக்கினேன்.
உணவங்காடியில் மிச்சமாகும் சோற்றை
எடை போடுவது எங்கள் ஆய்வு.
தட்டு திருப்பும் இடத்தில்
பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை நிற்பதும்
கண்டதைக் குறிப்பதும் ஜுன் ஹாவ்.
கடைக்காரர்களிடம் பேச இன்ஷிரா,
அவளுக்கு மலாய் தவிரக் கொஞ்சம் ஹொக்கியனும் வரும்.
வரைபடங்கள் ஹர்லீன்.
அறிக்கையைக் கோப்பது நான்.
மடிப்பை நகத்தால் தேய்த்தேன்,
ஒரு கட்டம்கூடப் பெரிதாகிவிடாதபடி.

மூன்றாம் வாரம்
ஜுன் ஹாவின் பத்தியில் வாக்கியங்கள் நொண்டின.
ஒன்றும் சொல்லாமல் நிமிர்த்தினேன்.
அன்றிரவே ஹர்லீனின் பச்சை பிடிக்காமல்
நீலமாக்கினேன்.
நீலத்துக்கு வேறு எழுத்துரு வேண்டியிருந்தது,
எழுத்துருவுக்கு வேறு தலைப்பு,
தலைப்புக்கு வேறு முடிவுரை.
விடிந்தபோது
இன்ஷிரா பேட்டி கண்டவர்களும்
என் நடையில் பேசிக்கொண்டிருந்தார்கள்.
மீ ரெபுஸ் விற்பவர்
"நிலைத்தன்மை மிக்க நுகர்வு" என்கிறார்.
அவர் சொன்னதென்னவோ,
"நான்தான் கூடுதலா அள்ளி வைக்கிறேன் போல."

அதற்கப்புறம் வாட்ஸ்அப் குழுவில்
கட்டைவிரல்கள் மட்டும் வந்தன.
ஜுன் ஹாவிடமிருந்து அதுவும் இல்லை.
எல்லாம் நானே செய்கிறேன் என்று
அம்மாவிடம் சொன்னேன்.
சொல்லும்போது ஒரு ருசி இருந்தது,
மறைப்பானேன்.

எனக்கு நாற்பத்தாறு.
இன்ஷிராவுக்கும் ஹர்லீனுக்கும் இருபத்து மூன்று.
ஜுன் ஹாவுக்கு எட்டு.
படிவம் பச்சையாகிக் காரணம் கேட்டது.

அத்தாட்சி தேடி
ஆவணத்தின் திருத்த வரலாற்றைத் திறந்தேன்.
ஆளுக்கொரு நிறம். அவனுடையது ஊதா.
மூன்றாம் வாரம் வரை பக்கமெல்லாம் ஊதா,
அதன்மேல் என் ஆரஞ்சு
செருப்போடு நடந்து போயிருந்தது.
பிறகு ஒரே ஒரு வரி ஊதா:
"மழை பெய்த நாளில் மிச்சம் குறைவு. ஏன்?"
அதையும் அழித்திருக்கிறேன்.
அறிக்கையில் கேள்விக்குறி
நன்றாயிராது என்று.

பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கைத்
திருடன் என்றே நினைத்திருந்தேன்.
இருக்காது.
இந்தத் தட்டு தாழ்கிறதே, அந்தத் தட்டு தாழ்கிறதே என்று
மெய்யாகவே பதறியிருக்கும்.
கடைசி விள்ளல் கரையும்வரை
நியாயத்தைத்தான் மெல்கிறோம் என்று
நம்பியிருக்கும்.

அப்புறம் அந்த வாளி.
மீன்முள், சம்பல் எண்ணெய், ஊறிப்போன சோறு,
எல்லாம் கொட்டி எடை போட்ட வாளி.
வாராவாரம் அது சுத்தமாக வந்தது.
நான் மடித்த தாளில்
அதற்குக் கட்டமே இல்லை.

பதினொன்று நாற்பத்தெட்டு.
குழுவில் கேட்டேன்:
வாளியை யார் கழுவினது?

மூன்று புள்ளிகள் துள்ளின, நின்றன,
மறுபடி துள்ளின.
"மாறி மாறி. நாங்க மூணு பேரும்," என்றாள் இன்ஷிரா.
"நீ எழுதிட்டு இருந்தே, கூப்பிடல," என்றாள் ஹர்லீன்.

யாரும் எதையும் மடிக்காமலே
அந்த வேலை மூன்றாகப் பிரிந்திருக்கிறது.

எல்லாக் கட்டங்களையும் காலி செய்தேன்.
படிவம் சிவந்து கிடக்கிறது.
ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு.
திரை மறுபடி ஒளிர்கிறது.
ஐந்து வாரம் கழித்து ஜுன் ஹாவ்:

"வாளியை நாளைக்கு லேப்ல திருப்பிக் குடுக்கணும்.
இன்னும் கொஞ்சம் நாறுது.
நீ எடுத்துக்கிறியா?"